ஆதரவா, எதிர்ப்பா என்று என்னைக் கேட்காதீர்கள்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கும் இரவு விவாதங்களை நடத்தும் நெறியாளர்களுக்கும் வணக்கம்.

நான் அரியலூர் மாவட்டத்துக்காரன். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் தாவரவியல் முதுகலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சில மாதங்களுக்கு முன்பு ஒருநாள் சாயங்காலம் உங்களில் ஒரு சேனலிலிருந்து எனக்குப் போன் வந்தது. எந்தச் சேனல் என்பது வேண்டாம். பேசிய தம்பிக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், நல்ல பையன், மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், இன்னைக்கு நைட் எட்டு மணிக்கு நீட் விவாதம். நீங்க ஆதரவா, எதிர்ப்பா?"

"தம்பி, அதுல மூணு விஷயம் பிரிச்சுச் சொல்லணும்..."

"அதெல்லாம் ஷோவுல சொல்லுங்க சார். இப்ப எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஸ்கிரீன்ல பிரிச்சுப் போடணும்."

"இப்ப நடக்கிற மாதிரி நீட் வேண்டாம்பேன். அதுக்காகப் பழைய பிளஸ் டூ மார்க் முறை சரியா இருந்துச்சுன்னும் சொல்ல மாட்டேன்."

ஒரு நொடி அமைதி. அப்புறம், "சரி சார், ஆதரவுன்னு போட்டுக்கறேன். அந்தப் பக்கம் ஒருத்தர் கொறையுது."

அன்றிரவு என் மகனின் லேப்டாப் முன்னால் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். 2018ஆம் ஆண்டு நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளையும் ஆங்கில வினாத்தாளையும் அச்செடுத்துக் கையில் வைத்திருந்தேன். ஐம்பது நிமிட நிகழ்ச்சியில் எனக்குக் கிடைத்தது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. வினாத்தாளைத் தூக்கிக் காட்டியபோது திரையில் நான் இல்லை, இரண்டு கட்சிக்காரர்கள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நிகழ்ச்சி முடிந்து பத்து நிமிடத்தில் தங்கை மகன் போன் செய்தான். "மாமா, நீங்க எப்ப அந்தக் கட்சில சேந்தீங்க?"

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கோபம் ஒரு வாரத்தில் போய்விட்டது. அந்தத் தம்பியின் கேள்விதான் போகவில்லை.

கட்சிக்கு ஒரு சேனல் என்பது நமக்குப் புதிதில்லை. ஜெயா, கலைஞர், மக்கள், கேப்டன் என்று வரிசையாகப் பார்த்துவிட்டோம். ஒரு வீட்டில் எந்தச் செய்தி ஓடுகிறது என்று தெரிந்தால் ஓட்டு எங்கே போகும் என்று சொல்லிவிடலாம் என்பார்கள். அவற்றின் மேல் எனக்குப் பெரிய குறை கிடையாது. கடை வாசலில் போர்டு இருக்கிறது, தெரிந்துதான் உள்ளே போகிறோம். இந்த மடல் 'நடுநிலை' என்று போர்டு வைத்திருக்கும் உங்களுக்கு. உங்கள் நடுநிலைக்கு நீங்கள் வைத்திருக்கும் அர்த்தம் அந்தப் பக்கம் இரண்டு பேர், இந்தப் பக்கம் இரண்டு பேர், நடுவில் நெறியாளர். தராசு சரியாக நிற்கிறதுதான். தட்டில் என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

'யார் கொண்டுவந்தது?' என்ற கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். நீட் பற்றிய விவாதத்தில் பாதி நேரத்தை அது விழுங்குகிறது. 2010 டிசம்பரில் இந்திய மருத்துவக் கவுன்சில் அறிவிக்கை வெளியிட்டது. அப்போது மத்தியில் காங்கிரஸ் தலைமையிலான ஆட்சி, திமுக அதில் பங்காளி. அதே திமுகவின் மாநில அரசு சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற தீர்ப்பில் நீட்டை ரத்து செய்தது. 2016 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது, பாஜக ஆட்சி அதைச் சட்டமாக்கியது. 2017இல் அதிமுக அரசு விலக்குக் கேட்டு இரண்டு மசோதா அனுப்பியது, ஒப்புதல் கிடைக்கவில்லை. திமுக அரசு 2021 செப்டம்பரில் இன்னொன்று நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேற்றி, கடைசியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இல்லை என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். முடிந்தது. ஒரு பத்தி. இதை ஒரு முறை திரையில் ஓடவிட்டு, 'இனிமேல் இதைப் பற்றிப் பேச வேண்டாம், அடுத்ததற்குப் போவோம்' என்று எந்த நெறியாளரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்தது என்ன என்று கேட்பீர்கள். 1176க்கும் 86க்கும் நடுவில் இருப்பதுதான்.

குழுமூர் எங்கள் மாவட்டம்தான். 2017 செப்டம்பரில் அந்த ஊர் மாணவி அனிதாவை இழந்த அன்று எங்கள் ஆசிரியர் அறையில் யாரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. அன்றைக்கு இரவிலிருந்து உங்கள் திரையில் இரண்டு எண்கள் மோதின. ஒரு பக்கம் 1176 என்றது, பிளஸ் டூவில் 1200க்கு அவர் எடுத்தது. இன்னொரு பக்கம் 86 என்றது, நீட்டில் 720க்கு. முதல் எண்ணைச் சொன்னவருக்கு அவர் மேதை. இரண்டாம் எண்ணைச் சொன்னவருக்கு மாநிலப் பாடத்திட்டமே மோசடி. ஒரே பிள்ளை, சில வார இடைவெளியில் எழுதிய இரண்டு தேர்வு. அதெப்படி இவ்வளவு தூரம் விலகும் என்று கேட்க ஒரு தாவரவியல் வாத்தியாரை, ஒரு இயற்பியல் வாத்தியாரை அன்றைக்குக் கூப்பிட்டிருக்கலாம்.

கூப்பிட்டிருந்தால் நான் ஒரு பாவமன்னிப்புக் கேட்டிருப்பேன். எங்கள் பிளஸ் டூ பாடப்புத்தகம் பத்தாண்டுக்கு மேல் மாறாமல் கிடந்தது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் வரும் என்று புளூபிரிண்ட் இருந்தது. அதை வைத்துக்கொண்டு பாடத்தைப் பிரித்து மேய்ந்தோம். நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்காமலே இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்பையே நடத்தினார்கள். பிராய்லர் பள்ளி என்று நாமே பெயர் வைத்துவிட்டு, நம் பிள்ளைகளை அங்கேயே கொண்டுபோய்ச் சேர்த்தோம். அரசுப் பள்ளியில் நான் மட்டும் யோக்கியனா? கால்வின் சுழற்சி பத்து மதிப்பெண்ணில் வரும் என்ற நம்பிக்கையில் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப வரையச் சொல்வேன். ஒரு பெண் எழுந்து, "சார், இந்த அம்புக்குறி ஏன் இந்தப் பக்கம் திரும்புது?" என்று கேட்டாள். "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு" என்றேன். அவள் உட்கார்ந்தாள். நூற்றுக்கு நெருக்கமாக மார்க்கும் வாங்கினாள். அந்த அம்புக்குறியைத்தான் நீட் கேட்கிறது, அதுவும் நான்கு விடைகளைக் கொடுத்து, தப்பாக எழுதினால் ஒரு மதிப்பெண்ணைப் பிடுங்கிக்கொண்டு. வினாக்களில் பாதிக்குப் பாதி பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து வேறு.

இதைச் சொன்னால் நான் 'ஆதரவு' கட்டத்துக்குள் போய்விடுவேன் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். அம்புக்குறியைக் கேட்பது நல்ல தேர்வின் அடையாளம்தான். ஆனால் அதற்கு விடை சொல்லக் கற்றுத்தரும் இடம் எங்கே இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. நீட்டின் விளைவுகளை ஆராய மாநில அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். நீட்டுக்கு முந்தைய 2016-17இல் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் ஏற்கெனவே ஒரு முறை முயன்று திரும்ப வந்தவர்கள் எட்டில் ஒருவர். 2020-21இல் பத்தில் ஏழு பேர். அதாவது பள்ளி முடித்த கையோடு உள்ளே போவது விதிவிலக்காகிவிட்டது. ஒரு வருடமோ இரண்டு வருடமோ சம்பாத்தியம் இல்லாத பிள்ளையைக் கோச்சிங்குக்கு அனுப்பிக் காத்திருக்க முடிகிற வீடு எது, முடியாத வீடு எது? தமிழ்வழியில் படித்துச் சேர்ந்தவர்கள் 2016-17இல் 15 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தார்கள், அடுத்த ஆண்டே 2 சதவீதத்துக்குக் கீழே போனார்கள்.

இந்த அறிக்கையையும் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும். முடிவை முன்பே எடுத்துவிட்ட ஓர் அரசு அமைத்த குழுதானே என்று கேட்கலாம். நீட் வருவதற்கு முன்னால் மட்டும் அரசுப் பள்ளியிலிருந்து எத்தனை பேர் போனார்கள் என்று கேட்கலாம். என் பணிக்காலத்தில் மாநிலம் முழுக்கவே ஆண்டுக்குச் சில பத்துப் பேர்தான். தனியார் கல்லூரிகள் தனித்தனியாக நடத்திய நுழைவுத் தேர்வுகளும் பெட்டியில் கைமாறிய நன்கொடையும் நமக்குத் தெரியாததா? இவ்வளவும் பேசலாம். ஆனால் அறிக்கையின் ஒரு அட்டவணையைத் திரையில் போட்டு அரை மணி நேரம் பேசிய நிகழ்ச்சி எதுவும் என் கண்ணில் படவில்லை. 'ராஜன் அறிக்கை: சமூக நீதியா, அரசியல் நாடகமா?' என்கிற மாதிரித் தலைப்புகள்தான் கண்ணில் பட்டன. உங்கள் தலைப்புகளில் எப்போதும் இரண்டு கேள்விதான். மூன்றாவதாக ஒன்று வைத்தால் கிராபிக்ஸில் இடம் போதாதோ என்னவோ.

வினாத்தாளுக்கு வருகிறேன், அன்றிரவு நான் காட்ட நினைத்தது அதைத்தான். 2017இல் மாநில மொழிகளில் எழுதியவர்களுக்கு வேறு வினாத்தாள் கொடுத்தார்கள். அதற்கு நாடு முழுக்கச் சத்தம் கிளம்பியதும் 2018இல் ஒரே வினாத்தாளை மொழிபெயர்த்தார்கள். தமிழில் 49 வினாக்களில் பிழை என்று வழக்குப் போனது. சிறுத்தை என்று வர வேண்டிய இடத்தில் 'சீத்தா' என்று அச்சாகியிருந்தது. ஆங்கிலத்தில் எழுதிய பிள்ளை விலங்கைப் பார்த்தது, தமிழில் எழுதிய பிள்ளை சீத்தாப்பழத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சந்தேகம் வந்தால் ஆங்கில வாசகமே இறுதியானது என்று விதி. தமிழில் படித்த பிள்ளை தமிழ்த் தேர்வு எழுத ஆங்கிலத்தைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்பது என்ன விதியோ!

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த ஜூலையில் 49 வினாக்களுக்கும் நான்கு நான்காக 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. தமிழில் எழுதியவர்கள் ஏறத்தாழ 24 ஆயிரம் பேர். பத்தே நாளில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது, நவம்பரில் தீர்ப்பையே ரத்து செய்தது. அந்தப் பத்து நாளும் உங்கள் எல்லோருடைய திரையிலும் இதுதான். தமிழுக்கு அநீதி என்று ஒருவர், தகுதிக்கு அநீதி என்று இன்னொருவர்.

ஆனால் உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பிழையான வினாவுக்கு எப்படி ஈடு கட்டுவது? அந்த 49இல் சிலவற்றைச் சரியாகவே எழுதிய பிள்ளைக்கும் முழு 196ஐச் சேர்த்தால் சிலருக்கு 720ஐத் தாண்டும். முயன்றவருக்கு மட்டும் கொடுத்தால், குழம்பிப்போய் விட்டுவிட்ட பிள்ளைக்கு நஷ்டம். வினாக்களை நீக்கிவிட்டு மீதிக்குக் கணக்குப் பார்த்தால், அந்த 49இல் தொலைத்த நேரத்தை யார் திருப்பிக் கொடுப்பது? இதற்கெல்லாம் கட்சி கிடையாது. ஒரு கணக்கு வாத்தியார், ஒரு மொழிபெயர்ப்பாளர், தேர்வு எழுதிய இரண்டு பிள்ளைகள் போதும், அருமையான ஒரு மணி நேரம் கிடைத்திருக்கும். ஆறு வருடம் கழித்து 2024இல் 1563 பேருக்குக் கருணை மதிப்பெண் போட்டு, அதைத் திரும்பப் பெற்று, மறுதேர்வு வைத்து நாடே சிரித்ததே, 67 பேர் 720க்கு 720 என்று வந்ததே, அது இதே கணக்கின் இன்னொரு பக்கம். 2018இலேயே நாம் இதை உட்கார்ந்து பேசியிருந்தால், 2024இல் நாடு முழுக்கக் குழம்பியபோது சொல்ல நம்மிடம் ஏதாவது இருந்திருக்கும். நம்மிடம் இருந்தது 'அன்றே சொன்னோம்' மட்டும்தான்.

சண்டை இல்லாத விஷயம் உங்களுக்கு விஷயமாகவே தெரிவதில்லை என்பதற்கு இன்னொன்று. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அதிமுக அரசு மசோதா கொண்டுவந்தது, திமுக ஆதரித்தது, ஆளுநர் தாமதித்தார், அரசாணை போட்டார்கள், மறுநாள் கையெழுத்து வந்தது. முதல் ஆண்டிலேயே பல் மருத்துவத்தையும் சேர்த்து ஏறத்தாழ 400 பேர் உள்ளே போனார்கள். எங்கள் பக்கத்து ஊரில் செங்கல் சூளையில் வேலை செய்பவர் மகள் ஒருத்தி போனாள், ஊரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வழியனுப்பியது. இதைப் பற்றி நீங்கள் எழுப்பிய கேள்வி ஒன்றே ஒன்று: 'பெற்றுத் தந்தது யார்?' உள்ளே போன பிள்ளைகள் முதலாம் ஆண்டு ஆங்கிலப் பாடத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டிருக்கலாம். பதினொன்றாம் வகுப்பில் 2018இல் தொடங்கிய பொதுத்தேர்வை 2025இல் ரத்து செய்தார்களே, அதனால் அந்தப் புத்தகம் மறுபடி மூடிவிடுமா, இல்லை பிள்ளைகள் மூச்சு விடுவார்களா? எனக்கே இதில் இரண்டு மனது. அதனால்தான் கேட்க ஆசைப்பட்டேன்.

ஆசிரியர் அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிவினை நீங்கள் கண்டுபிடித்தது என்று நான் சொல்லவில்லை. 2011இல் சமச்சீர் கல்விப் புத்தகம் நீதிமன்றத்தில் சிக்கிக்கொண்டு, ஜூனில் பள்ளி திறந்தும் ஆகஸ்ட் வரை பிள்ளைகள் கையில் புத்தகம் இல்லை. வந்தபோது பழைய முதல்வர் சம்பந்தப்பட்ட பக்கங்களை மறைக்கச் சொல்லி உத்தரவும் கூடவே வந்தது. ஆளுக்கொரு கட்டு ஸ்டிக்கரும் பசை டப்பாவுமாக உட்கார்ந்து ஒட்டினோம். மறுநாள் ஆறாம் வகுப்புப் பையன்கள் பக்கத்தைத் தூக்கி வெயிலில் பிடித்து, அடியில் என்ன இருக்கிறது என்று படித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாடத்தை அவ்வளவு ஆர்வமாக யாரும் படித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அன்றைக்கு ஸ்டிக்கர் ஒட்டும்போது இரண்டு கட்சி ஆசிரியர்களும் ஒரே மேசையில் சிரித்துக்கொண்டேதான் ஒட்டினோம். நான் ஓய்வு பெறும்போது அந்த மேசை இரண்டாகிவிட்டது. காலையில் வந்ததும் முந்தின நாள் இரவு உங்கள் நிகழ்ச்சியிலிருந்து வெட்டிய ஒரு நிமிடத் துண்டு வாட்ஸ்அப்பில் சுற்றும். 'நம்ம ஆள் எப்படி வெச்சு செஞ்சார் பாத்தீங்களா' என்று இந்த மேசை ரசிக்கும், அந்த மேசையில் வேறு துண்டு ஓடும். ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர், பிள்ளைகளின் கல்யாணத்துக்குக்கூட ஒருவரை ஒருவர் அழைக்கவில்லை. அந்த ஒரு நிமிடத் துண்டுக்காகவே நிகழ்ச்சி நடத்துகிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

விளம்பர இடைவேளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீட் ஏழைகளைக் கொல்கிறது என்று ஒருவர் குரல் உடையப் பேசி முடித்ததும் இடைவேளை. உடனே கோச்சிங் சென்டர் விளம்பரம், தபால்தலை மாதிரி ஐம்பது பிள்ளைகளின் முகம், கீழே மதிப்பெண். உங்கள் பிழைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த சென்டர்களின் கட்டணம் என்ன, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தேறினார்கள், ஒரே பிள்ளையின் படம் ஏன் இரண்டு சென்டர் விளம்பரத்தில் வருகிறது என்று ஒரு செய்தியாளரை ஒரு வாரம் அனுப்பிப் பாருங்களேன்.

தேர்வு முடிவு வரும் நாட்களில் ஒரு பிள்ளையை இழந்த வீட்டு வாசலுக்கு மைக்கோடு போவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் நேரில் பார்த்தேன். பேச்சு வராத தாயிடம் "நீட்தான் காரணம்னு சொல்றீங்களாம்மா?" என்று மூன்று முறை கேட்டார்கள், அவர் தலையசைக்கும்வரை கேட்டார்கள். இப்படிப்பட்ட மரணங்களை எப்படி எழுத வேண்டும், எதைக் காட்டக் கூடாது என்று இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019லேயே பத்திரிகைகளுக்கு நெறிமுறை கொடுத்திருக்கிறது. உங்களுக்கும் அது பொருந்தும். அந்தத் தலையசைப்பு அன்றிரவு ஒரு தரப்புக்கு ஆயுதமானது. இன்னொரு தரப்பு மறுநாள் அந்தப் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைத் தேடி எடுத்து வந்தது.

மருத்துவப் படிப்புக்கு ஆள் எடுக்கும் சண்டை இந்த மாநிலத்தில் என் வயதுக்குச் சமம். நேர்காணல் மதிப்பெண் இருந்த காலத்தில் சிபாரிசு என்று வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சி நுழைவுத் தேர்வு கொண்டுவந்தது, நகரத்துப் பிள்ளைகளுக்குத்தான் பயிற்சி என்றார்கள். அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைக்குப் பின் 2007இல் அதை எடுத்துவிட்டுப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தோம், நாமக்கல் விடுதிப் பள்ளிகள் செழித்தன. அப்புறம் நீட், கூடவே மறுமுறை எழுதுபவர்களும் கோச்சிங்கும். ஒவ்வொன்றும் முந்தையதன் ஓட்டையை அடைத்துவிட்டு வேறொரு இடத்தில் ஓட்டை போட்டது. அடுத்தது எதுவாக இருந்தாலும் அதன் ஓட்டை எங்கே இருக்கும் என்று இப்போதே தேடலாம். அதற்கு ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் ஒரே மேசைக்கு வர வேண்டும், மேசையில் வினாத்தாள் இருக்க வேண்டும்.

உங்களிடம் பெரிய மாற்றம் எதையும் கேட்கவில்லை. மாதத்தில் ஒரே ஒரு நாள், கட்சிப் பெயர் இல்லாமல், திரையைப் பிரிக்காமல், பத்து வினாக்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். மாநிலத் தேர்விலிருந்து ஐந்து, நீட்டிலிருந்து ஐந்து. அந்தந்தப் பாட ஆசிரியர்கள், அந்த ஆண்டு எழுதிய பிள்ளைகள். யாராவது 'யார் கொண்டுவந்தது' என்று ஆரம்பித்தால் மைக்கை மூடிவிடுங்கள். பார்ப்பவர்கள் எண்ணிக்கை குறையும் என்பீர்கள். முதல் நாள் குறையும்தான். ஆனால் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற அத்தனை பேரும் இரண்டாவது முறை உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று முப்பது வருடம் பெற்றோர் கூட்டம் நடத்தியவன் சொல்கிறேன்.

அந்தத் தம்பி மறுபடி போன் செய்தால் 'ஆதரவா, எதிர்ப்பா' என்று வேண்டாம். எந்த ஆண்டு வினாத்தாள் வேண்டும் என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். 2017லிருந்து அச்செடுத்து பீரோவில் வைத்திருக்கிறேன். 2019ஐ மட்டும் கரையான் தின்றுவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு தாவரவியல் ஆசிரியர்,
அரியலூர் மாவட்டம்